பிற நாட்டு வாடிக்கையாளரிடம் இணையவழிப் பணம் பெறுதல்: முறையையும் நிறுவனத்தையும் தேர்ந்தெடுப்பது எப்படி

இணையத்தில் பொருளையோ சேவையையோ பல நாடுகளுக்கு விற்க முனைவோர் முதலில் கேட்பது, எந்தப் பேமெண்ட் கேட்வே (வாடிக்கையாளரின் பணத்தை இணையவழிப் பெற்று விற்பவரிடம் சேர்க்கும் சேவை) நல்லது என்பதுதான். அந்த ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. எந்த நிறுவனத்திடம் கணக்குத் திறக்க இயலும் என்பது விற்பவரின் தொழில் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறது, அவருடைய வங்கிக் கணக்கு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எந்த முறைகளில் பணம் பெற வேண்டும் என்பதோ வாங்குபவர் எங்கே வாழ்கிறார் என்பதைப் பொறுத்தது. இவ்விரண்டையும் தனித்தனியே ஆராய்ந்து முடித்த பிறகே ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும்.

முதல் கேள்விக்கான விடையை நிறுவனத்தின் முகப்புப் பக்கத்தில் தேடக் கூடாது. ‘உலகெங்கும் பணம் பெறலாம்’ என்று அங்கே எழுதியிருப்பது பெரும்பாலும் வாங்குபவரைக் குறித்த வாக்குறுதியே தவிர, விற்பவரைக் குறித்தது அன்று. பேபால் இருநூறுக்கும் மேற்பட்ட நாடுகளிலும் ஆட்சிப்பகுதிகளிலும் இயங்குவதாகச் சொல்லிக்கொண்டாலும், ஒவ்வொரு நாட்டிலும் அது அனுமதிக்கும் செயல்கள் வேறுபடுகின்றன. இந்தியாவில் உள்நாட்டுப் பரிவர்த்தனைகளை அது 2021 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டது. வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து பணம் பெறும் வசதி மட்டுமே அங்கே தொடர்கிறது. ஸ்டிரைப் தன் பட்டியலில் உள்ள நாடுகளில் பதிவுபெற்ற தொழில்களுக்கே கணக்கு வழங்கும். நைஜீரியாவில் 2015இல் தொடங்கப்பட்ட பேஸ்டாக், இலத்தீன் அமெரிக்காவின் மெர்காடோ பாகோ, இந்தியாவின் ரேசர்பே போன்றவை தத்தம் பகுதியின் முறைகளை நன்கு அறிந்தவை. ஆனால் அந்தப் பகுதிக்கு வெளியே பதிவான தொழிலுக்கு அவற்றின் கதவு எளிதில் திறப்பதில்லை.

ஆகவே ஒரு நிறுவனத்தை ஆராயும்போது, அதன் ஆவணப் பக்கங்களில் மூன்று பட்டியல்களைத் தேடி எடுக்க வேண்டும்: தொழில் பதிவாகியிருக்கக்கூடிய நாடுகள், வாங்குபவரிடம் காட்டக்கூடிய நாணயங்கள், விற்பவரின் வங்கியில் வந்து சேரக்கூடிய நாணயங்கள். மூன்றாவது பட்டியலைப் பலரும் பார்ப்பதில்லை. யூரோவில் வாங்கிய பணம் முதலில் டாலராகவும் பிறகு உள்ளூர் நாணயமாகவும் மாற்றப்பட்டால், ஒவ்வொரு மாற்றத்திலும் சிறிது தொகை கரையும். அந்த இழப்பு கட்டண விகிதத்தில் தெரியாது, மாற்று விகிதத்துக்குள் ஒளிந்திருக்கும். தடைசெய்யப்பட்ட தொழில்களின் பட்டியலையும் அதே அமர்வில் படித்துவிடுவது நல்லது. கணக்கு முடக்கப்பட்ட பின் அதைப் படிப்பதால் பயனில்லை.

இனி வாங்குபவரின் நாடு. ‘விசா, மாஸ்டர்கார்டு இருந்தால் போதும்’ என்ற அறிவுரை அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் ஓரளவு பொருந்தும். பிற இடங்களில் அது பாதி உண்மை. நெதர்லாந்தில் 2005இல் தொடங்கிய ஐடீல் முறையில், வாங்குபவர் தம் வங்கியின் செயலிக்குச் சென்று ஒப்புதல் தந்து பணம் செலுத்துகிறார். பெல்ஜியத்தில் பான்கான்டாக்ட் என்ற உள்நாட்டுப் பற்று அட்டை (டெபிட் கார்டு) உண்டு. போலந்தில் 2015 முதல் வழங்கும் பிளிக் முறையில், வங்கிச் செயலி தரும் ஆறு இலக்க எண்ணை இரண்டு நிமிடங்களுக்குள் தளத்தில் இட வேண்டும். சுவீடனில் ஸ்விஷ், ஸ்பெயினில் பிசூம், சுவிட்சர்லாந்தில் ட்வின்ட் ஆகியவை கைப்பேசி வழியே வங்கிக் கணக்குகளை இணைக்கின்றன. சீனாவில் அலிபேயும் வீசாட் பேயும் இல்லாத தளம் ஏறக்குறைய மூடிய கடைக்குச் சமம். கென்யாவில் 2007இல் சஃபாரிகாம் தொடங்கிய எம்-பெசாவுக்கு வங்கிக் கணக்கே தேவையில்லை. தளத்தில் கைப்பேசி எண்ணை இட்டால், அந்தக் கைப்பேசிக்கு ஒப்புதல் கோரிக்கை செல்லும், வாங்குபவர் தம் இரகசிய எண்ணை அங்கே இடுவார். இந்தியாவின் யுபிஐ 2016இலும், பிரேசில் மத்திய வங்கியின் பிக்ஸ் 2020 நவம்பரிலும் வந்தன. இரண்டும் சில ஆண்டுகளிலேயே அன்றாடப் பழக்கமாகிவிட்டன.

இவை அனைத்தையும் ஒரே பக்கத்தில் அடுக்கிவிட வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. நாற்பது சின்னங்களைப் பார்த்துத் திகைக்கும் வாடிக்கையாளர் பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடவும் கூடும். தளத்துக்கு எந்த நாடுகளிலிருந்து வருகிறார்கள், அவர்களில் எத்தனை பேர் பணம் செலுத்தும் கட்டத்தில் விலகிச் செல்கிறார்கள் என்று பார்த்து, அதிகம் இழக்கும் இரண்டு மூன்று நாடுகளுக்கு மட்டும் உள்ளூர் முறையைச் சேர்ப்பதே என் பரிந்துரை. எந்த நாட்டவருக்கு எந்த முறை தோன்ற வேண்டும் என்பதை அவருடைய இணைப்பின் ஐபி முகவரியைக் கொண்டு மட்டும் முடிவு செய்யக் கூடாது. பயணத்தில் இருப்பவரும், தம் இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் பயன்படுத்துபவரும் தவறான பட்டியலைக் காண நேரும். நாட்டை மாற்றிக்கொள்ளும் வசதி கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும்.

ஒரு முறையைச் சேர்ப்பதற்கு முன், அதன் பெயரை விட முக்கியமான ஒன்றைக் கேட்டாக வேண்டும்: பணத்தை நகர்த்துபவர் யார்? வாங்குபவரே தம் வங்கிக்கு ஆணையிட்டு அனுப்புகிறாரா, அல்லது அவர் முன்பே தந்த அனுமதியைக் கொண்டு விற்பவர் எடுத்துக்கொள்கிறாரா? ஐடீல், பிக்ஸ், வழக்கமான யுபிஐ ஆகியவை முதல் வகை. கடன் அட்டையும், வாங்குபவரின் வங்கிக் கணக்கிலிருந்து விற்பவர் பணம் எடுக்க வழிசெய்யும் ஐரோப்பாவின் செபா நேரடிப் பற்றும் இரண்டாம் வகை. திருப்பித் தருதல், தகராறு, சந்தா ஆகிய மூன்றும் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

முதல் வகையில் பணம் வந்துவிட்டால் வந்ததுதான். மோசடிக்கென்று தனி நடைமுறைகள் உண்டு என்றாலும், அட்டையில் இருப்பது போல வாங்குபவர் வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்ப இழுக்கும் சார்ஜ்பேக் வசதி பொதுவாக இல்லை. விற்பவருக்கு இது நிம்மதி. ஆனால் அறிமுகமில்லாத தளத்தில் வாங்கத் தயங்குபவருக்கு அதுவே அச்சம். அத்தகைய நாடுகளில் பணம் திருப்பித் தரும் நிபந்தனைகளைச் செலுத்தும் பக்கத்திலேயே தெளிவாக எழுதுவது வெறும் அலங்காரம் அன்று. இரண்டாம் வகையில் நிலைமை தலைகீழ். அட்டைத் தகராறுகளை எழுப்புவதற்குப் பொதுவாக 120 நாள் வரை அவகாசம் உண்டு. செபா நேரடிப் பற்றில் வாங்குபவர் காரணமே சொல்லாமல் எட்டு வாரங்களுக்குள் பணத்தைத் திரும்பக் கோரலாம். அனுமதியே தரப்படாத பற்று என்றால் அந்தக் காலம் 13 மாதங்கள். எட்டு வாரங்கள் கழியாத வருவாயை முழுமையாகச் செலவழித்துவிடும் தொழில் ஆபத்தை அருகில் வைத்துக்கொண்டிருக்கிறது.

சந்தா விற்பவர்களுக்கு இந்த வேறுபாடு இன்னும் கடுமையாகத் தெரியும். ஒருமுறை அனுப்பப்படும் பணத்தை மாதந்தோறும் தானாக வரச்செய்ய இயலாது. இதற்கு நெதர்லாந்தில் வழங்கும் தீர்வு, முதல் தவணையை ஐடீல் மூலம் பெற்று, அப்போதே நேரடிப் பற்றுக்கான ஒப்புதலையும் வாங்கி, அடுத்த தவணைகளைச் செபா வழியே எடுப்பதாகும். இந்தியாவில் தொடர் பற்றுக்கு ரிசர்வ் வங்கியின் விதிகள் உண்டு: பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் வாடிக்கையாளருக்கு அறிவிப்பு செல்ல வேண்டும், 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு, சில வகைக் கட்டணங்கள் நீங்கலாக, ஒவ்வொரு முறையும் கூடுதல் உறுதிப்பாடு தேவை. 2022 அக்டோபர் 1 முதல் வணிகர்கள் அங்கே அட்டை எண்ணைத் தம்மிடம் சேமித்து வைக்கவும் கூடாது. அதற்கு மாற்றாக, அட்டை எண்ணுக்குப் பதிலாக நிற்கும் குறியீடாகிய டோக்கன் மட்டுமே இருக்கும். வேறொரு நாட்டுக்கென எழுதிய சந்தா நிரலை அப்படியே இந்தியாவில் இயக்கினால், தொழில்நுட்பப் பிழை எதுவும் தெரியாமலேயே பணம் எடுப்பது மாதந்தோறும் தோல்வியடையும்.

இன்னொரு வகை உண்டு. ஆர்டர் செய்யும் நேரமும் பணம் வரும் நேரமும் அதில் ஒன்றல்ல. ஜப்பானின் கொன்பினி முறையில் வாங்குபவர் ஓர் எண்ணைப் பெற்றுக்கொண்டு, அருகிலுள்ள 24 மணி நேரக் கடையில் ரொக்கமாகச் செலுத்துகிறார். மெக்சிகோவில் ஆக்சோ கடைகளும், பிரேசிலில் பொலேட்டோ சீட்டும் இதே வேலையைச் செய்கின்றன. பலர் எண்ணைப் பெற்றுக்கொண்டு பணம் கட்டாமலே விட்டுவிடுவார்கள். எனவே இத்தகைய முறையைச் சேர்க்கும் முன், ‘பணம் வரவேண்டியுள்ளது’ என்ற தனி நிலையை ஆர்டர் அமைப்பில் உருவாக்கி, அந்த எண் எப்போது காலாவதியாகும், அதுவரை சரக்கை ஒதுக்கி வைப்பதா இல்லையா, நினைவூட்டல் எப்போது அனுப்புவது என்பவற்றை முடிவு செய்ய வேண்டும். உறுதிப்படுத்தல் வரும்முன் பொருளை அனுப்பிவிடும் தவறு இங்கேதான் நேரும்.

சட்டங்களைப் பொறுத்தவரை, ஐரோப்பாவில் மூன்றை மறக்கக் கூடாது. 2019 செப்டம்பர் 14 முதல் இணைய அட்டைப் பரிவர்த்தனைகளுக்கு வலுவான வாடிக்கையாளர் உறுதிப்பாடு (செலுத்துபவர் அட்டைக்கு உரியவர்தானா என்று இரண்டு வழிகளில் சரிபார்ப்பது) சட்டத்தின்படி தேவைப்படுகிறது. எனவே அந்தச் சரிபார்ப்பை அட்டை வழங்கிய வங்கியிடம் நடத்தும் 3டி செக்யூர் இல்லாத இணைப்பில் பல அட்டைகள் மறுக்கப்படும். நுகர்வோரின் பொதுவான அட்டைகளுக்குக் கூடுதல் கட்டணம் விதிப்பது அங்கே தடைசெய்யப்பட்டுள்ளது. எந்தெந்த முறைகளை ஏற்பது என்பது விற்பவரின் விருப்பம். ஆனால் ஒரு வகை அட்டையை ஏற்றுக்கொண்ட பின், அது ஐரோப்பிய ஒன்றியத்தின் வேறொரு நாட்டில் வழங்கப்பட்டது என்ற காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்பது 2018 டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ள விதி. வாங்குபவர் இடும் முகவரியை அட்டை வழங்கிய வங்கியிலுள்ள முகவரியோடு ஒப்பிடும் முகவரிச் சரிபார்ப்பில் வேறொரு தொல்லை எழுகிறது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் வங்கிகளே பெரும்பாலும் ஆதரிக்கும் அந்தச் சோதனையை எல்லா நாட்டு அட்டைகளுக்கும் கட்டாயமாக்கினால், நேர்மையான வாடிக்கையாளர்களே வடிகட்டப்படுவார்கள்.

கட்டணங்களை ஒப்பிடும்போது ஒரே எண்ணை எதிர்பார்க்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் நுகர்வோர் பற்று அட்டைக்கு 0.2 விழுக்காடு, கடன் அட்டைக்கு 0.3 விழுக்காடு என்று, விற்பவரின் வங்கி அட்டை வழங்கிய வங்கிக்குத் தரும் கட்டணத்துக்கு 2015ஆம் ஆண்டு விதிமுறை உச்சவரம்பு வைத்தது. ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் அட்டைக்கு அந்தச் சலுகை இல்லை. பிற நாடுகளின் வரிக்கணக்கையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லாத சிறு தொழில்கள், தாமே சட்டப்படி விற்பனையாளராக நின்று வரியையும் செலுத்திவிடும் இடைநிலை நிறுவனங்களை நாடலாம். அவற்றின் விகிதம் கூடுதல்தான். ஆனால் மென்பொருள், மின்னூல் போன்ற எண்ணிமப் பொருள்களை விற்போருக்கு அது பெரும்பாலும் தகும்.

நிரல் எழுதுவோருக்கு ஓர் எச்சரிக்கை. பல கேட்வேக்கள் தொகையை அந்த நாணயத்தின் மிகச் சிறிய அலகில் கேட்கும். டாலருக்கு 1000 என்று அனுப்பினால் 10 டாலர். ஜப்பானிய யென்னுக்கோ சில்லறை அலகு இல்லாததால் அது 1000 யென்னேதான். குவைத் தினாரில் ஆயிரம் ஃபில்ஸ் ஒரு தினார் ஆகும். எல்லாத் தொகையையும் கண்ணை மூடிக்கொண்டு நூறால் பெருக்கும் நிரல், ஜப்பானியரிடம் நூறு மடங்கு வசூலிக்கும். குவைத்தியரிடம் பத்தில் ஒரு பங்கை மட்டும் பெறும்.

சோதனைச் சூழலில் எல்லாம் சரியாக ஓடிய பிறகும், அந்தந்த நாட்டில் வாழும் ஒருவரைக் கொண்டு உண்மையான சிறு தொகை ஒன்றைச் செலுத்தச் செய்து, அதைத் திருப்பித் தந்தும் பார்க்க வேண்டும். சில முறைகளில் திருப்பித் தர வாங்குபவரின் வங்கி விவரம் தனியே தேவைப்படும் என்பது அப்போதுதான் தெரியவரும். நிறுவனம் அனுப்பும் அறிவிப்பு மின்னஞ்சல்களை யாராவது ஒருவர் படிக்கும்படி ஏற்பாடு செய்துவிடுங்கள். ஜெர்மனியின் ஜிரோபே 2024 இறுதியில் மூடப்பட்டது; ஐடீல் படிப்படியாக வீரோ என்ற ஐரோப்பிய முறைக்குள் சேர்ந்துவருகிறது; ரஷ்யாவில் வழங்கப்பட்ட விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச் முதல் வெளிநாட்டுத் தளங்களில் செல்லுபடியாவதில்லை. இப்படிப்பட்ட மாற்றங்களுக்குப் பிறகும் பழைய சின்னம் செலுத்தும் பக்கத்தில் நின்றால், அதை அழுத்திப் பார்த்து ஏமாறும் வாடிக்கையாளர் புகார் எழுதுவது அரிது.