சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்கள் ஔவையைத் தொலைக்காமல் இருக்க

அதியமானைப் பற்றியும் தகடூரைப் பற்றியும் அப்பா எழுதி வைத்திருந்ததைப் புத்தகமாக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. அதில் பாதி எழுத்துருவோடு மல்லுக்கட்டியதிலேயே போனது. பிழை திருத்தம், அட்டைப்படம் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் அந்தப் பக்கம் போகவில்லை.

முதலில் கோப்பை யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டுக்கு மாற்றுங்கள். என்னிடம் இருந்தது தர்மபுரியில் ஒரு டிடிபி கடையில் எப்போதோ பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த பேஜ்மேக்கர் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) கோப்பு. அச்சுக்கு அது போதும், மின்னூலுக்கு ஆகாது. நான் என்ஹெச்எம் கன்வர்ட்டர் என்ற எழுத்துரு மாற்றும் மென்பொருளில் மாற்றினேன். நடுவே ஆங்கிலச் சொல் இருந்தால் அதுவும் தமிழ்க் குப்பையாகிவிடும், கண்ணால்தான் பார்த்துத் திருத்த வேண்டும்.

அடுத்ததுதான் என்னைக் கவிழ்த்த இடம். மாற்றி முடித்து 'ஔவை' என்று தேடினேன். ஒன்றுகூட இல்லை! அதியமான் நெல்லிக்கனி கொடுத்த கதையே இரண்டு அத்தியாயம் வருகிறது. விஷயம் இதுதான்: 'ஔ' யூனிகோடில் ஒரே எழுத்து. என் கோப்பில் இருந்ததோ 'ஒ', பக்கத்தில் 'ள'. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், கணினிக்கு வேறு வேறு. சரி என்று நோட்பேடில் 'ஒள' எல்லாவற்றையும் ஒரே தட்டில் 'ஔ' ஆக்கினேன். ஔவை வந்துவிட்டாள், ஆனால் புத்தகத்தில் இருந்த 'ஒளி', 'ஒளிந்தான்' எல்லாம் உடைந்து புள்ளிவட்டமாக நின்றன. ஆகவே இரண்டெழுத்தை மட்டும் மாற்றாதீர்கள். 'ஒளவை' என்று சொல்லாகக் கொடுத்து மாற்றுங்கள். அதற்கு முன் கோப்பை ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

பக்க வடிவமைப்புக்கு லிபர்ஆஃபீஸ் என்ற இலவச மென்பொருளே போதும், காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். அளவு டெம்மி 1/8, அதாவது டெம்மி என்ற தாளில் எட்டில் ஒரு பங்கு. ஆஃப்செட்டில் அடிப்பதானால் மொத்தப் பக்கம் 16-இன் மடங்காக வரட்டும், ஒரு ஃபாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள்) என்பது 16 பக்கம். நான் 50 பிரதி மட்டும் தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் எடுத்தேன். பிரதிக்கு விலை கூடத்தான், ஆனால் பரணில் கட்டுக்கட்டாகத் தூங்காது.

ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண்ணுக்கு யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது, எழுத்தாளர் தன் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். அச்சு நூலுக்கு ஒன்று, மின்னூலுக்கு வேறொன்று.

அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் தமிழ் நூல் ஏற்றலாம். இந்திய விற்பனையில் 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் என்ற அதன் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாள் மின்னூலை வேறெங்கும் வைக்கக் கூடாது, இலவசமாகக்கூட. அச்சுப் பிரதிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, புத்தகத் திருவிழாவில் தாராளமாக விற்கலாம்.

பலரும் விட்டுவிடுவது 1954-ஆம் ஆண்டுச் சட்டம். நூல் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் நம் செலவில் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த பென்னாகரத்து நண்பர் ஒருவர், 'கெளரவம்' என்பதைக் 'கௌரவம்' ஆக்க 'கெள' முழுவதையும் மாற்றிவிட்டார். அவர் எழுதியிருப்பது ஒகேனக்கல் மீன்களைப் பற்றி. கெளுத்தி வராத பக்கமே அதில் கிடையாது.