அக்யுரசி, பிரிசிஷன்: வேறுபாட்டை ஒரு தராசில் கண்டறியும் முறை

அக்யுரசி, பிரிசிஷன் என்னும் இரண்டு ஆங்கிலச் சொற்களையும் அன்றாடப் பேச்சில் நாம் ‘துல்லியம்’ என்றே சொல்லிவிடுகிறோம். அளவீட்டியலில் அவை இருவேறு பண்புகள். கிடைத்த அளவு உண்மை மதிப்புக்கு எவ்வளவு அருகில் உள்ளது என்பது அக்யுரசி; ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப அளக்கும்போது கிடைக்கும் அளவுகள் தமக்குள் எவ்வளவு நெருங்கியுள்ளன என்பது பிரிசிஷன். பாடநூல்கள் முன்னதைத் துல்லியத்தன்மை என்றும் பின்னதை நுட்பம் என்றும் வழங்குகின்றன.

வரையறையை மனப்பாடம் செய்வதைவிட, வீட்டிலுள்ள மின்னணுத் தராசில் சோதித்துப் பார்ப்பதே சிறந்த வழி. முத்திரையிட்ட 500 கிராம் எடைக்கல் ஒன்றைத் தட்டில் வைத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். கல்லை எடுத்துவிட்டு, தராசு நிலைத்தபின் மீண்டும் வையுங்கள். இவ்வாறு ஐந்து முறை செய்யுங்கள். 512, 513, 512, 513, 512 என்று வந்தால் அளவுகளுக்கிடையே ஒரு கிராமுக்கு மேல் வேறுபாடில்லை. ஆகவே பிரிசிஷன் நன்று, ஆனால் எல்லா அளவுகளும் ஏறத்தாழ 12 கிராம் விலகியிருப்பதால் அக்யுரசி இல்லை. மாறாக 490, 508, 499, 511, 492 என்று வந்தால் சராசரி சரியாக 500. எனினும் எந்த ஒற்றை அளவையும் நம்பி எடை போட முடியாது.

இந்த இரண்டாம் வகைக்கு, அளவீட்டு முறைகளுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 5725 தெளிவான பெயர் தருகிறது: சராசரி உண்மை மதிப்பை நெருங்கியிருப்பது ‘ட்ரூனெஸ்’, அதுவும் பிரிசிஷனும் சேர்ந்திருந்தால்தான் அக்யுரசி. ஆய்வறிக்கை எழுதுவோர் இந்த வழக்கையே பின்பற்றுவது நல்லது.

இந்த வேறுபாடு முக்கியமாவதற்குக் காரணம், இரண்டு குறைகளுக்கும் மருந்து வேறு என்பதே. அளவுகள் சிதறினால் பல முறை அளந்து சராசரி எடுக்கலாம். ஒன்றையொன்று சாராத நான்கு அளவுகளின் சராசரியில் தற்செயல் பிழை பாதியாகக் குறையும். எல்லா அளவுகளும் ஒரே பக்கம் விலகினாலோ, நூறு முறை அளந்தாலும் அந்த விலகல் அப்படியே நிற்கும். திரையில் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்கள் தெரிவது இவ்விரண்டில் எதற்கும் சான்றாகாது. அது கருவி காட்டக்கூடிய மிகச் சிறிய அளவை மட்டுமே சொல்கிறது.

விலகும் தராசைத் திருத்துமுன் ஒரு கிலோ எடைக்கல்லையும் வைத்துப் பாருங்கள். 1012 என்று காட்டினால் விலகல் நிலையானது. ஒவ்வோர் அளவிலிருந்தும் 12 கிராமைக் கழித்தால் போதும். 1025 என்று காட்டினால் விலகல் எடையோடு சேர்ந்து வளர்கிறது. அப்போது அளவை 1.025ஆல் வகுக்க வேண்டும்.