பள்ளி ஆண்டின் கடைசி வாரங்கள்: புது ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எனக்கு எதிர் மேசையில் இந்த வருடம்தான் வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவர் இருக்கிறார். போன வாரம் காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். "இன்னும் அஞ்சு வாரம் இருக்கு மிஸ். மூணு லெசன் பாக்கி. லெசனுக்கு ஒரு வாரம், ஒரு வாரம் ரிவிஷன், ஒரு வாரம் பரீட்சை. கணக்கு கரெக்டா வருது" என்றார்.

வேலைக்கு வந்த இரண்டாவது வருடம் நானும் இதே கணக்கைப் போட்டேன். அதுவும் சிவப்பு மையில்.

ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குக் கணக்கு எடுப்பவள் நான். விடைத்தாளைத் தாமதமாகத் திருத்துவது, பதிவேட்டில் கூட்டல் பிழை விடுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அதையெல்லாம் யாராவது ஒருவர் உங்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார். யாரும் கூப்பிட்டுச் சொல்லாத, சில சமயம் பாராட்டுகூட வாங்கித் தருகிற தவறுகள் வேறு.

கடைசியில் போர்ஷனை ஓட்டி முடிப்பது

முதலில் அந்தத் தம்பியின் கணக்கு. பரீட்சை வாரம் போக நான்கு வாரம், வாரத்துக்கு ஐந்து பீரியட், ஆக இருபது. மாதிரித் தேர்வுக்கும் தாளைத் திருப்பிக் கொடுத்துப் பேசுவதற்கும் மூன்று போய்விடும். விழா ஒத்திகைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவதில் மூன்று. ஒரு விடுமுறை, குழுப் படம் எடுக்க ஒன்று, நமக்கே உடம்பு சரியில்லாமல் போக ஒன்று. மிச்சம் பதினொன்று. இருபது பீரியடுக்குத் திட்டம் போட்டவர் கையில் பதினொன்று இருக்கும்போது என்ன செய்வார்? ஓடுவார். நானும் ஓடினேன்.

ஏழாம் வகுப்பு. இயற்கணிதக் கோவைகள், எளிய சமன்பாடுகள், அப்புறம் ஒரு வடிவியல் பாடம். சமன்பாட்டுக்கு மூன்று பீரியட் தராசை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தத் தட்டிலிருந்து ஐந்தை எடுத்தால் அந்தத் தட்டிலிருந்தும் ஐந்தை எடு, இதை மூன்றாகப் பிரித்தால் அதையும் மூன்றாகப் பிரி. பிள்ளைகள் கையாலேயே செய்து பார்க்க வேண்டிய விஷயம். என்னிடம் மூன்று பீரியட் இல்லை. அதனால் கரும்பலகையில் ஒரே வரி எழுதி, கட்டம் கட்டினேன்: "மறுபக்கம் போனால் குறி மாறும்." நாற்பது நிமிடத்தில் வகுப்பே டகடகவென்று கணக்குப் போட்டது. தேர்விலும் நல்ல மதிப்பெண். தலைமையாசிரியர் மற்ற ஆசிரியர்கள் முன்னால் என்னைப் பாராட்டினார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

அடுத்த வருடம் அதே பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் என்னிடமே வந்தார்கள். முதல் வாரம், சும்மா சூடேற்றுவதற்காக, 3 எக்ஸ் = 12 என்று எழுதிவிட்டு வரிசைக்குள் நடந்தேன். ஒரு பையனின் நோட்டில் எக்ஸ் = 9 என்று இருந்தது.

"எப்படி வந்துச்சு?"

"மூணு அந்தப் பக்கம் போயிடுச்சு மிஸ். அதான் மைனஸ் மூணு. பன்னிரண்டுல மூணு போனா ஒன்பது."

"ஒன்பதை மூணால பெருக்கிப் பாரு."

பெருக்கினான். "இருபத்தேழு வருது மிஸ்." கொஞ்சம் யோசித்தான். "ஆனா ரூல் அதுதானே?"

அவன் மக்குப் பையன் இல்லை. நான் கட்டம் கட்டிக் கொடுத்ததை அப்படியே பத்திரமாக வைத்திருந்தான், அவ்வளவுதான். அடுத்த நோட்டைப் பார்த்தேன், ஒன்பது. அதற்கடுத்ததிலும் ஒன்பது. பாதி வகுப்புக்கு மேல் ஒன்பது. அந்தக் கட்டத்தை அவர்கள் தலையிலிருந்து அழிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. மூன்று பீரியடை மிச்சம் பிடித்ததற்கு மூன்று வாரம் வட்டி. இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது. அந்தப் பாராட்டுதான் அதைவிட எரிச்சல்.

அப்படியானால் தேர்வில் எப்படி நன்றாக எழுதினார்கள்? சொல்லிக் கொடுத்த சூடு ஆறுவதற்குள் தேர்வு வந்துவிட்டது. மறதியை முதன்முதலில் முறையாக அளந்தவர் ஹெர்மான் எபிங்ஹாஸ். அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எத்தனை நேரத்தில் எவ்வளவு போகிறது என்று கணக்கு எடுத்து 1885-இல் வெளியிட்டார். மறதியின் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது, அப்புறம் வேகம் குறைகிறது. 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் செய்த சோதனை இன்னும் நெருங்கி வருகிறது. ஒரு குழு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதிப் பழகியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பழகியவர்கள் முன்னால் போய்விட்டார்கள். நாம் ஓட்டிய பாடத்துக்கு வைக்கிற ஆண்டுத் தேர்வு ஏறக்குறைய அந்த ஐந்து நிமிடம் மாதிரிதான்.

அதன் பிறகு நீண்ட விடுமுறை வேறு. ஹாரிஸ் கூப்பரும் சகாக்களும் 1996-இல் இது பற்றிய 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கோடை விடுமுறையில் சராசரியாக ஒரு மாதப் படிப்பு கரைவதாகவும், கணக்கு போடும் திறமையும் எழுத்துக்கூட்டலும்தான் அதிகம் அடிபடுவதாகவும் கண்டார்கள். நன்றாக ஊன்றிய பாடத்துக்கே இந்தக் கதி.

இப்போது நான் செய்வது இது. ஆண்டு முடியப் பத்து வாரம் இருக்கும்போதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் உண்மையான பீரியடுகளை எண்ணுகிறேன். வாரத்தை எண்ணுவதில்லை. அடுத்த வகுப்பில் எந்தப் பாடத்தின் மேல் கட்டடம் எழும்பப் போகிறதோ அதற்கு முதல் பங்கு. நடுநிலை வகுப்புக் கணக்கில் அது பெரும்பாலும் குறை எண்கள், பின்னங்கள், சமன்பாடுகள். மிச்சத்தை அறிமுகத்தோடு நிறுத்துகிறேன். "மேலிடம் ஒத்துக்குமா?" என்று கேட்பீர்கள். பத்து வாரம் முன்னால், கையில் எண்ணிக்கையோடு போய்க் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். இரண்டு வாரம் முன்னால் போனால் அதே ஆள் "எப்படியாவது முடிச்சிடுங்க" என்பார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

ஒவ்வொரு பீரியடின் முதல் ஐந்து நிமிடம் பழைய பாடத்திலிருந்து மூன்று கேள்வி. புத்தகம் மூடியிருக்க வேண்டும், மதிப்பெண் கிடையாது. கடைசி வார ரிவிஷனைவிட இது எனக்கு அதிகம் பலன் தந்திருக்கிறது.

பரீட்சை நெருங்கும்போது விடியற்காலை சிறப்பு வகுப்பு

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப் போகிறது. மேரி கார்ஸ்கடன் போன்றவர்கள் இதைப் பல வருடம் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். "சீக்கிரம் படு" என்று சொன்னால் படுப்பார்கள், தூக்கம் வராது. 13 வயதுக்கு மேல் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை என்றும், அதற்குக் கீழே ஒன்பதுக்குக் குறையக் கூடாது என்றும் அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2016-இல் பரிந்துரைத்தது. நீங்கள் விடியற்காலையில் எடுக்கும் அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மாலையில் வையுங்கள், அல்லது வைக்காதீர்கள்.

எல்லாப் பாடத்துக்கும் ஒரே வாரத்தில் ப்ராஜெக்ட்

ஸ்டாஃப் ரூம் பலகையில் ஒரு தாள் ஒட்டி, கடைசித் தேதிகளை எல்லோரும் அதிலேயே எழுதுங்கள்.

தேர்வு முடிந்ததும் கடையைச் சாத்துவது

தேர்வுக்கும் கடைசி நாளுக்கும் நடுவில் சில நாட்கள் மிஞ்சும். படம் போட்டுவிட்டுத் தாள் திருத்தலாம் என்று தோன்றும். ஒரு நாள் போடுங்கள், தப்பில்லை. ஆனால் "சத்தம் போடாம என்ன வேணா செய்யுங்க" என்று விட்ட பீரியடில் ஒருமுறை தலையைத் தூக்கிப் பாருங்கள். கூட்டாளி இருப்பவர்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். வட்டம் இல்லாத ஒரு பிள்ளை ஏற்கனவே கூராக இருக்கும் பென்சிலை மறுபடி மறுபடி சீவிக்கொண்டிருக்கும். வேலை இருக்கும் வகுப்பில் அந்தத் தனிமை மறைந்திருக்கும். இங்கே எல்லோரும் பார்க்க உட்கார்ந்திருக்க வேண்டும்.

இந்த நாட்களுக்குத்தான் விட்டுப்போன அந்த வடிவியலை வைத்திருப்பேன். அட்டை, கத்தரிக்கோல், பசை, நான்கு பேர் கொண்ட குழு. குழுவை நான்தான் பிரிப்பேன். "நீங்களே சேர்ந்துக்குங்க" என்று சொல்லவே மாட்டேன்.

பழைய பாக்கியைத் தீர்ப்பது

வருடம் முழுக்க வாயடித்த பிள்ளையைக் கடைசி வாரத்தில் "மாட்டினியா" என்று பிடிப்பது. பெற்றோரை வரவழைத்து, எப்போதோ நடந்ததிலிருந்து ஆரம்பித்து வரிசையாக வாசிப்பது. நான் ஒருமுறை வாசித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அம்மா, "இதை அப்பவே சொல்லியிருந்தா ஏதாவது செஞ்சிருப்பேனே டீச்சர்" என்றார். என்னிடம் பதில் இல்லை.

"இன்னும் நன்றாக உழைக்க வேண்டும்"

எதில்? அது தெரியாவிட்டால் ரிப்போர்ட் கார்டில் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள்.

அடுத்த ஆசிரியருக்கு ஒன்றும் எழுதாமல் போவது

மதிப்பெண் பட்டியல் எப்படியும் கைமாறும். அதில் வராததை ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள்: எந்தப் பாடம் அறிமுகத்தோடு நின்றது, எது ஓட்டமாகப் போனது (ஆமாம், ஒப்புக்கொண்டு எழுதுங்கள்), யாரை யார் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது. குற்றப்பத்திரிகை மாதிரி இருக்கக் கூடாது. பிள்ளையே எடுத்துப் படித்தாலும் நமக்குக் கூச்சம் வராத மாதிரி இருக்க வேண்டும்.

எனக்கு முன்னால் ஆறாம் வகுப்பு எடுத்தவர் ஓய்வு பெற்றுப் போகும்போது அப்படி ஒரு தாளை என் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போனார். பெரும்பாலும் பாடக் கணக்குதான். கீழே, ஒரு பெண்ணின் பெயருக்கு நேராக ஒரு வரி: "இவளுக்குப் பலகை தெரியவில்லை. கேட்டால் தெரிகிறது என்பாள். நம்பாதீர்கள், முன்னால் உட்கார வையுங்கள்."

முதல் நாள் கேட்டேன். "தெரியுது மிஸ்" என்றாள்.