பெரிய புல்வெளிக்கு ஜீரோ டர்ன் மெஷின் வாங்கும்போது

ஜீரோ டர்ன் என்பது நின்ற இடத்திலேயே திரும்பக்கூடிய, உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டி. முதலில் டேப்பை எடுத்து உங்கள் கேட்டின் அகலத்தையும் மரங்களுக்கு இடையே இருக்கும் மிகக் குறுகிய வழியையும் அளந்துகொள்ளுங்கள், ஏனென்றால் 60 அங்குல டெக் (பிளேடுகளை மூடியிருக்கும் அடிப்பகுதி, வெட்டும் அகலம் அதைப் பொறுத்தது) எவ்வளவு ஆசையாக இருந்தாலும் உள்ளே நுழையாவிட்டால் பயனில்லை. 52 அங்குல டெக், மணிக்கு 6 மைல் வேகத்தில், திரும்பும் நேரத்தையும் கழித்துப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் சுமார் இரண்டரை ஏக்கர் வெட்டும். இரண்டு மூன்று ஏக்கருக்கு அதுவே தாராளம்.

அப்புறம் குனிந்து டெக்கைப் பாருங்கள். தகட்டை அழுத்தி வடித்ததா, தடித்த தகடுகளை வெல்டிங் செய்ததா? கல்லும் வேரும் உள்ள இடத்தில் வெல்டிங் டெக்தான் நிற்கும்.

நான் குதிரைத்திறனைவிட ஹைட்ரோ டிரான்ஸ்மிஷனைத்தான் (இன்ஜினின் சக்தியை ஆயில் அழுத்தத்தால் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பாகம்) அதிகம் பார்ப்பேன். பின்சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு இருக்கும், வண்டியின் ஆயுளே அதில்தான் இருக்கிறது, அதனால் ஆயிலும் ஃபில்டரும் மாற்றக்கூடிய வகையாக இருக்க வேண்டும். சீல் செய்த வகை என்றால் வேண்டாம்.

சரிவு இருந்தால் தயவுசெய்து கவனம். முன்சக்கரங்கள் தானாகச் சுழல்பவை, பின்சக்கரம் வழுக்கினால் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. 15 டிகிரிக்கு மேல் போகவே வேண்டாம், ஈரப்புல்லில் அதற்கும் குறைவு. கவிழ்ந்தால் காக்கும் கம்பியும் சீட் பெல்ட்டும் இல்லாத வண்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைசியாக, பிளேடும் பெல்ட்டும் பக்கத்திலேயே கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.