பழைய பிரிண்டரில் கழற்றிய மோட்டார்: என்ன வகை, எத்தனை வோல்ட்?

காயலான் கடைக்குப் போகவிருக்கும் பிரிண்டரைப் பிரித்தால் இரண்டு மூன்று நல்ல மோட்டார்கள் கிடைக்கும். மேலே பார்ட் நம்பர் இருக்கும், வோல்ட் பெரும்பாலும் இருக்காது. மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். மிக்ஸி, ஃபேன் மோட்டார்களில் இதைச் செய்யாதீர்கள். அவை 230 வோல்ட், உயிருக்கு ஆபத்து.

1. ஒயர்களை எண்ணுங்கள். இரண்டு என்றால் அநேகமாக கார்பன் பிரஷ் வைத்த டிசி மோட்டார். மூன்று இருந்து, எந்த இரண்டை அளந்தாலும் ஒரே ஓம்ஸ் காட்டினால் பிரஷ் இல்லாத மோட்டார். அதற்குத் தனி டிரைவர் போர்டு (மோட்டாருக்குப் போகும் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) வேண்டும். நான்கு, ஐந்து, ஆறு என்றால் பெரும்பாலும் ஸ்டெப்பர், அதாவது சின்னச் சின்ன அடிகளாகத் திரும்பும் மோட்டார். நான்கு ஒயர் ஸ்டெப்பரில் ஒயர் முனைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து முறுக்கி, சாஃப்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். எந்த ஜோடியில் சாஃப்ட் சட்டென்று இறுகுகிறதோ அந்த இரண்டும் ஒரே காயில்.

2. டிசி மோட்டாரின் வோல்ட். பிரிண்டரின் அடாப்டரைப் பாருங்கள். 24 அல்லது 32 என்று இருந்தால் அது மேல் எல்லை, அதைத் தாண்ட வேண்டாம். அடாப்டர் தொலைந்துவிட்டதா? எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான்: மோட்டாரை வைஸில் பிடித்து, சாஃப்டை டிரில்லின் வாயில் மாட்டி முழு வேகத்தில் சுற்றுங்கள். இப்போது மோட்டாரே டைனமோ. டிரில்லில் நிமிடத்துக்கு 2,800 சுற்று (RPM) என்று எழுதியிருந்து, மீட்டர் 10 வோல்ட் காட்டினால், வோல்ட்டுக்கு 280 சுற்று. அப்படியானால் 24 வோல்ட்டில் சுமார் 6,700 சுற்று ஓடும். உள்ளங்கையில் அடங்கும் மோட்டாருக்கு அது நியாயமான வேகம். 12 கொடுத்தால் அதில் பாதி. மெதுவாக ஓடுமே தவிர சும்மா ஓடும்போது கெடாது. அதனால் சந்தேகம் வந்தால் குறைவாகவே கொடுங்கள்.

3. ஓம்ஸ் அளங்கள். சாஃப்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, வருவதில் மிகக் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 6 ஓம்ஸ் என்றால், 24 வோல்ட்டில் மோட்டார் சிக்கி நிற்கும்போது 4 ஆம்பியர் இழுக்கும். உங்கள் பவர் சப்ளை அதைத் தாங்க வேண்டும்.

4. பத்து நிமிடம் சும்மா ஓட விடுங்கள். அப்புறம் நிறுத்தி, மோட்டாரின் உடம்பில் விரலை வையுங்கள். ஐந்து விநாடி வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் வோல்ட்டைக் குறையுங்கள்.

ஸ்டெப்பருக்கு வோல்ட்டைவிட ஆம்பியர்தான் முக்கியம். டிரைவர் போர்டில் கரண்ட்டை மிகக் குறைவாக வைத்துத் தொடங்கி, அதே விரல் சோதனையோடு மெல்ல ஏற்றுங்கள்.