போர்வெல் மோட்டாரும் கார் ஆம்ப்ளிஃபயரும்: முதன்முறை ஒயரிங் செய்பவருக்கு

அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) தோட்டத்தில் போர்வெல் மோட்டாருக்குக் கேபிள் மாற்றியபோது நான் பத்தாம் வகுப்பில் இருந்தேன். எலக்ட்ரீஷியன் ஓர் அளவு சொன்னார். அப்புச்சி அதைவிட ஒரு படி தடிமனானதை வாங்கி வரச் சொன்னார். “எண்ணூறு அடி கீழே போகிறது கண்ணு. வழியிலேயே கரண்ட் தேய்ந்துவிட்டால் மோட்டார் என்ன செய்யும்?” என்றார்.

பத்து ஆண்டுகள் கழித்து என் முதல் காருக்கு ஆம்ப்ளிஃபயர் வாங்கியபோது அந்தப் பாடம் நினைவுக்கு வரவில்லை. பெட்டியில் ‘2000 வாட்ஸ்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கடைக்காரர் ஒயர் செட்டை இலவசமாகவே கொடுத்தார். பல்லடத்திலிருந்து தாராபுரம் போகும் வழியில், குண்டடம் தாண்டி, கருகும் வாசனை வந்தது. காற்றாலைகளுக்கு நடுவே காரை ஓரம் கட்டிக் கார்பெட்டைத் தூக்கினால், இலவச ஒயரின் உறை இளகித் தகரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஃபியூஸ் மட்டும் பத்திரமாக இருந்தது. அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் கணக்கு

வீட்டில் 350 வாட்ஸ் மிக்ஸி ஓடினால் இழுப்பது இரண்டு ஆம்பியருக்கும் குறைவு, ஏனென்றால் அங்கே 230 வோல்ட் இருக்கிறது. காரில் 12 வோல்ட்தான். ஸ்பீக்கருக்கு 350 வாட்ஸ் கொடுக்க வேண்டுமானால், ஆம்ப்ளிஃபயர் (இனி சுருக்கமாக ஆம்ப்) வெப்பமாக வீணடிப்பதையும் சேர்த்து, பேட்டரியிலிருந்து 33 ஆம்பியர் வரை வர வேண்டும். தோட்டத்தில் ஐந்து குதிரைத்திறன் போர் மோட்டார் மூன்று பேஸில் இழுப்பது சுமார் 8, 9 ஆம்பியர். டிக்கியில் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டி, கிணற்று மேட்டு மோட்டாரைவிட மூன்று நான்கு மடங்கு கரண்ட் கேட்கிறது. இது மனத்தில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

ஆம்ப் தேர்வு

பெட்டியின் முகப்பில் இருக்கும் பெரிய எண்ணை மறந்துவிடுங்கள். உள்ளே இருக்கும் தாளில் ‘ஆர்.எம்.எஸ்.’ என்று ஓர் எண் இருக்கும். ஆம்ப் தொடர்ந்து தரக்கூடியது அவ்வளவுதான். அந்த எண்ணே இல்லை என்றால் ஆம்பின் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது சுமார் 13.8 வோல்ட் கிடைக்கும். ஃபியூஸ் 25 ஆம்பியர் என்றால் உள்ளே போவதே 345 வாட்ஸ். கிளாஸ் டி வகையானால் அதில் ஐந்தில் நான்கு பங்கு ஒலியாக வெளியே வரும், கிளாஸ் ஏபி என்றால் பாதிக்குச் சற்று மேல். நான் வாங்கிய ‘2000 வாட்ஸ்’ பெட்டியில் இருந்தது அதே 25 ஆம்பியர் ஃபியூஸ்தான். ஐந்து படி தீவனம் தின்கிற மாடு ஐம்பது படி பால் கறக்குமா?

சிறிய காருக்கு என் பரிந்துரை: நான்கு சேனல், அதாவது நான்கு தனி வெளியீடுகள் உள்ள ஒரு கிளாஸ் டி ஆம்ப், 4 ஓமில் (ஓம் என்பது ஸ்பீக்கர் கரண்டுக்குக் காட்டும் தடையின் அளவு) சேனலுக்கு 75 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். முதல் இரண்டு சேனல்கள் முன் கதவு ஸ்பீக்கர்களுக்கு. பின் இரண்டையும் ஒன்றாக்கி, அதாவது ‘பிரிட்ஜ்’ செய்து, ஒரு பத்து அங்குல சப்வூஃபருக்கு (அடித்தொனிக்கு மட்டுமான ஸ்பீக்கர்). அப்படிச் சேர்க்கும்போது 200 வாட்ஸ் அளவு கிடைக்கும், ஆக மொத்தம் மேலே கணக்குப் போட்ட 350 வாட்ஸ். பின் கதவு ஸ்பீக்கர்களை ஸ்டீரியோவே ஓட்டிக்கொள்ளட்டும். ஸ்டீரியோ முகப்பில் ‘50 × 4’ என்று இருந்தாலும் உண்மையில் தருவது சேனலுக்கு 15 முதல் 20 வாட்ஸ். பின்சீட்டுக்கு அது போதும்.

சப்வூஃபர் வாங்கும்போது ஓமைக் கவனியுங்கள். பிரிட்ஜ் செய்த ஆம்ப் பெரும்பாலும் 4 ஓமுக்குக் கீழே தாங்காது. உள்ளே இரண்டு கம்பிச்சுருள்கள் உள்ள ‘4 + 4 இரட்டைக் காயில்’ சப்வூஃபரைப் பக்க இணைப்பில் போட்டால் 2 ஓம் ஆகிவிடும், தொடர் இணைப்பில் போட்டால் 8 ஓம். முதலாவதை இந்த ஆம்ப் தாங்காது, இரண்டாவதில் வாட்ஸ் குறைந்துவிடும். ஒற்றைக் காயில், 4 ஓம், 200 முதல் 250 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். என்று கேட்டு வாங்குங்கள். இன்னும் பெரியது வேண்டும் என்று மச்சான் தூண்டிவிட்டால் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான்.

ஒயர்: பணத்தை இங்கே போடுங்கள்

உள்நாட்டிலேயே செய்த முதல் மின்மோட்டார் 1937-இல் கோவை பீளமேட்டில் உருவானது. அந்த வழியில் வந்த நமக்கு வைண்டிங் கடையில் ‘காப்பரா, அலுமினியமா’ என்று கேட்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கார் ஆடியோக் கடையில் மட்டும் ஏனோ வாயை மூடிக்கொள்கிறோம். இலவச செட்டுகளில் வருவது பெரும்பாலும் தாமிரப் பூச்சுப் பூசிய அலுமினியம். கத்தியால் ஓர் இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். தாமிரம் கடத்துவதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் அது கடத்தும். போதாக்குறைக்கு உறை மட்டும் தடிமனாக இருக்கும்.

பேட்டரியிலிருந்து டிக்கிவரை ஐந்து மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 33 ஆம்பியர் ஓடும்போது 4 சதுர மி.மீ. தாமிர ஒயர் 0.7 வோல்ட்டை வழியிலேயே தின்றுவிடும், 10 சதுர மி.மீ. 0.28 வோல்ட்டை, 16 சதுர மி.மீ. 0.18 வோல்ட்டை. பத்துக்குக் குறையாதீர்கள், பதினாறு நல்லது. வெல்டிங் கேபிள் போல மெல்லிய இழைகள் நிறைந்ததாக இருக்கட்டும். வீட்டு ஒயரிங்கின் விறைப்பான கம்பி காரின் அதிர்வில் இற்றுப்போகும்.

ஃபியூஸ் ஆம்பைக் காப்பாற்ற அல்ல, ஒயரைக் காப்பாற்ற. என் ஒயர் வெந்தும் ஃபியூஸ் போகாததற்குக் காரணம், மெல்லிய ஒயருக்கு 60 ஆம்பியர் ஃபியூஸ் போட்டிருந்ததுதான். நம் கணக்குக்கு 40 ஆம்பியர்.

இணைக்கும் வரிசை

ஒன்று. பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் காரின் உடலில் பட்டால் பொறி பறக்கும். நெகட்டிவ் ஏற்கெனவே கழன்றிருந்தால் ஒன்றும் ஆகாது.

இரண்டு. பவர் ஒயரை எஞ்சின் பக்கத்துத் தகரச் சுவரில் ஏற்கெனவே இருக்கும் துளை வழியாக, ரப்பர் வளையத்தோடு உள்ளே கொண்டுவாருங்கள். ரப்பர் இல்லாமல் தகர விளிம்பில் உரசினால் ஒருநாள் உறை அறுந்துவிடும். ஃபியூஸ் ஹோல்டர் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் ஒயருக்குக் காவல் கிடையாது. ஃபியூஸை இப்போது செருகாதீர்கள். பிளாஸ்டிக் மூடிகளைக் கழற்றும்போது மஞ்சள் நிறக் கனெக்டர் கண்ணில் பட்டால் தொடாதீர்கள், அது ஏர்பேக்குடையது.

மூன்று. ஆம்பை டிக்கியிலோ சீட்டுக்கு அடியிலோ காற்றுப்படும்படி திருகுங்கள். சப்வூஃபர் பெட்டியின் மேல் வேண்டாம், அதிர்வில் உள்ளே பற்றவைப்புகள் விட்டுப்போகும். சித்திரை வெயிலில் பூட்டிய கார் எப்படிக் காயும் என்பது கரூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கார்பெட்டால் மூடாதீர்கள்.

நான்கு. எர்த். பழுதுகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. பவர் ஒயரின் அதே தடிமனில், அரை மீட்டருக்குள், காரின் உடல் தகரத்தில் முடிய வேண்டும். பெயின்ட்டை உப்புத்தாளால் வெறும் தகரம் தெரியும்வரை தேய்த்து, ஒயர் நுனியில் அழுத்திப் போடும் வளையமான ரிங் லக்கைப் போல்ட்டால் இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். சீட் பெல்ட் போல்ட்டைப் பயன்படுத்தாதீர்கள்.

ஐந்து. பவர் ஒயர் காரின் ஒரு பக்கமாகப் போனால், ஸ்டீரியோவிலிருந்து பாட்டு சிக்னலைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. ஒயர் மறுபக்கமாகப் போகட்டும். ஸ்டீரியோவின் பின்னால் இருக்கும் நீல-வெள்ளை ஒயர் ஆம்பின் ‘ரிமோட்’ முனைக்கு. ஸ்டீரியோ விழித்தால் ஆம்பும் விழிக்க அதுதான் வழி. ரிமோட்டை நேரடியாகப் பேட்டரியில் கொடுத்துவிட்டுப் போனால் ஆம்ப் தூங்கவே தூங்காது. காலையில் காரைத் தள்ள ஆள் தேட வேண்டியிருக்கும்.

ஆறு. ஸ்பீக்கர் ஒயர்களில் பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. ஒரு கதவில் மட்டும் மாறினால் இரண்டு கதவுகளும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு அடித்தொனி காணாமல் போகும். பிரிட்ஜ் செய்ய எந்த இரண்டு முனைகள் என்பது ஆம்பிலேயே ஒரு கோட்டுடன் குறிக்கப்பட்டிருக்கும்.

பிறகு நெகட்டிவை மாட்டி, கடைசியாக ஃபியூஸைச் செருகுங்கள். ஒரு சிறு பொறி வரலாம். ஆம்புக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் நிரம்பும்போது வருவது அது, பயப்பட வேண்டாம்.

கெயின் என்பது வால்யூம் அல்ல

கெயின் திருகாணியைக் கண்டதும் முழுவதும் திருப்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலுக்கு ஆம்பை ஒத்துப்போக வைப்பது மட்டுமே அதன் வேலை. அளவுக்கு மீறினால் ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டு, ஸ்பீக்கரின் காயில் வேகும்.

சாதாரண மல்டிமீட்டர் போதும். ஸ்பீக்கர் ஒயர்களை ஆம்பிலிருந்து கழற்றுங்கள். கெயினை அடிமட்டத்தில் வையுங்கள். ஸ்டீரியோவில் பாஸ், ட்ரெபிள் பூஜ்யம், வால்யூம் முக்கால். எஞ்சின் ஓடட்டும், கார் திறந்த வெளியில் நிற்கட்டும். முன் சேனலுக்கு 400 ஹெர்ட்ஸ், சப்வூஃபருக்கு 50 ஹெர்ட்ஸ் ஒற்றைத் தொனியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் ஏ.சி. வோல்ட்டை அளந்தபடி கெயினை மெல்ல ஏற்றுங்கள். வாட்ஸையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியும்: 75 வாட்ஸ், 4 ஓமுக்கு 17.3 வோல்ட், 200 வாட்ஸ், 4 ஓமுக்கு 28.3 வோல்ட். பலர் 1000 ஹெர்ட்ஸில் அளக்கச் சொல்வார்கள். விலை குறைந்த மீட்டர்கள் 400-க்கு மேல் தவறாகக் காட்டும் என்பதால் நான் அதைத் தவிர்க்கிறேன்.

ஆம்பில் இருக்கும் ஃபில்டர்களை இரு பக்கமும் 80 ஹெர்ட்ஸில் வையுங்கள்: முன் கதவுகளுக்கு ஹை பாஸ் (அதற்கு மேலுள்ள தொனியை மட்டும் விடும்), சப்வூஃபருக்கு லோ பாஸ் (கீழுள்ளதை மட்டும் விடும்).

எஞ்சினோடு சேர்ந்து ஏறி இறங்கும் ‘வீய்ங்’ ஒலி வந்தால் எர்த்தை மறுபடி தேய்த்து இறுக்குங்கள். சிவப்பு ‘ப்ரொடெக்ட்’ விளக்கு எரிந்தால் எங்கோ ஸ்பீக்கர் ஒயர் தகரத்தைத் தொடுகிறது, அல்லது ஓம் குறைவு.

எல்லாம் முடிந்ததும், அவிநாசிவரையோ பொள்ளாச்சிவரையோ அரை மணி நேரம் நல்ல சத்தத்தில் பாட்டுப் போட்டு ஓட்டிவிட்டு வாருங்கள். வண்டியை நிறுத்தியவுடன் மூன்று இடங்களில் கை வைத்துப் பாருங்கள்: ஃபியூஸ் ஹோல்டர், எர்த் போல்ட்டை ஒட்டிய ஒயர், ஆம்பின் பவர் முனை. ஆம்பின் உடல் சுடலாம், அது அதன் இயல்பு. இந்த மூன்றில் எது சுட்டாலும் அந்த இணைப்பை அவிழ்த்து, லக்கை வெட்டிவிட்டு, புதிதாக அழுத்திப் போடுங்கள்.