பாண்டிச் செம்மண்ணில் சைக்கிள்: வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் கவனத்துக்கு

பாண்டியில் மலை ஏது, மவுண்டன் பைக் ஏது என்று ஊரில் இருக்கும் மாமாவே கேட்பார். மலை இல்லைதான். ஆனால் கோட்டக்குப்பம் தாண்டி மேற்கே திரும்பினால் செம்மண் மேடு தொடங்கிவிடும். குயிலாப்பாளையம், பொம்மையார்பாளையம், ஆலங்குப்பம், இடையஞ்சாவடி வரை மழைத்தண்ணீர் அறுத்த ஓடைகள், முந்திரித் தோப்புகள், பனை வரிசைகள். தெற்கே கடலூர் கேப்பர் மலையும் இதே மண்தான். நிலவியலில் இந்தப் படிவத்துக்குப் பெயரே கடலூர் மணற்கல்; திருவக்கரைக் கல்மரங்கள் (கல்லாகிப்போன பழங்கால மரங்கள்) கிடப்பதும் இதில்தான். ஏற்றம் குறைவு. திடீர்ப் பள்ளமும் மணலும் தாராளம்.

இந்த வழிகளுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஒவ்வோர் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் ஓடைக்கரை இடிந்து வழி மாறும். போன வருஷத்து ஜிபிஎஸ் தடத்தை நம்பிப் போனால், இடிந்த கரையின் விளிம்பில் நிற்க நேரும். தோப்புகளோ பட்டா நிலம், அல்லது குத்தகை. உள்ளூர் ரைடருக்கு வழி திறப்பது அவர் கால் பலத்தால் அல்ல, தோப்புக் காவல்காரருக்கு அவர் முகம் தெரியும் என்பதால். எனவே முதலில் தேட வேண்டியது ஆளை, பிறகுதான் பாதையை.

பாண்டியில் கியர் சைக்கிள் பழுது பார்க்கும் கடை எதிலாவது கேட்டால் ஞாயிறு ரைடு குழுவின் வாட்ஸ்அப் எண் கிடைத்துவிடும். ஊருக்குக் கிளம்ப இரண்டு வாரம் முன்பே செய்தி அனுப்புங்கள். பெருமையெல்லாம் வேண்டாம், தகவல் போதும்: “வணக்கம் அண்ணா. ஜனவரி 10 முதல் 24 வரை பாண்டியில் இருப்பேன். உயரம் 175 செ.மீ. வழக்கமாக ஓட்டுவது 29 இஞ்ச் ஹார்ட்டெயில். சைக்கிள் கொண்டுவரவில்லை, பெடலும் ஹெல்மெட்டும் உண்டு. ஞாயிறு வரலாமா?” (ஹார்ட்டெயில் என்றால் முன்னே மட்டும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள்.) வயது தெரியாதவரை அண்ணா, அக்கா என்று தொடங்கலாம், ப்ரோவுக்கு அவர்களே இறங்கி வருவார்கள். அஞ்சரைக்கு டீக்கடை என்றால் அஞ்சரைக்கு டீக்கடைதான். கல்யாணத்துக்குத்தான் தாமதமாகப் போகலாம்.

இரவல் சைக்கிள் கிடைத்தால் ஏறும் முன் மூன்றைப் பாருங்கள். ஒன்று, பிரேக். பிரான்சில் முன் பிரேக் பெரும்பாலும் இடது கையில் இருக்கும். இங்கே மோட்டார் பைக் வழக்கப்படி பல சைக்கிள்களில் வலது கையில். செம்மண் சரளையில் தவறான கையை இறுக்கினால் முன் சக்கரம் வழுக்கிப் போய்விடும். இரண்டு, செயின். 12 முழு இணைப்பு (உள் தகடும் வெளித் தகடும் சேர்ந்த ஜோடி ஒன்று) சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் கூடியிருந்தாலே மாற்றும் வேளை வந்துவிட்டது. மூன்று, பின் அச்சு. விலை குறைந்த 7 கியர் சைக்கிள்களில் ஃப்ரீவீல் திருகி மாட்டியிருக்கும். அதில் வலப்பக்கத் தாங்கி (பேரிங்) உள்ளே தள்ளியே இருப்பதால், கனமான ஆள் பள்ளத்தில் குதித்தால் அச்சு வளையும். சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள், ஃப்ரீவீல் தள்ளாடினால் அன்றைக்குக் குதிக்க வேண்டாம்.

சொந்த சைக்கிளோடு வந்தால்: இடது பெடலுக்குத் தலைகீழ் மரை. பின் டீரெய்லரை (செயினைக் கியர் மாற்றிவிடும் கருவி) கழற்றி ஃப்ரேமுக்குள் கட்டுங்கள். டிஸ்க் பிரேக் பட்டைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் துண்டு வையுங்கள், இல்லையென்றால் வழியில் லீவர் அமுங்கிப் பட்டைகள் ஒட்டிக்கொள்ளும். அதை ஃப்ரேமில் மாட்டும் டீரெய்லர் ஹேங்கர் ஒன்று கூடுதலாக எடுத்து வாருங்கள். அது மாடலுக்கு மாடல் வேறு, இங்கே தேடி அலுத்துப்போவீர்கள். ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில்தான். மோட்டார் பைக் கடையில் சுலபமாகக் கிடைக்கும் டாட் 4 ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் ஊதிக் கெட்டுவிடும். பஞ்சர் கடைக் காற்றுக்குழாய் ஒல்லியான பிரெஸ்டா வால்வில் உட்காராது. பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போடுங்கள்.

பஞ்சர் என்பது இங்கே விதிவிலக்கு அல்ல. நெருஞ்சி, சீமைக்கருவேல முள் இரண்டும் டியூபைத் தேடி வரும். 29 இஞ்ச், 2.3 அகல டயருக்கு 100 முதல் 120 மில்லி சீலன்ட் (டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றும், ஓட்டை அடைக்கும் திரவம்). இந்த வெயிலில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும், காய்ந்து தோலாகியிருக்கும். 70 கிலோ ஆளுக்கு டியூப்லெஸ்ஸில் முன்னே 21, பின்னே 24 பிஎஸ்ஐ காற்றழுத்தம் போதும். டியூப் என்றால் ஐந்தாறு கூட்டுங்கள், இல்லையேல் வேரில் இடித்து டியூபில் பாம்புக்கடி போல இரட்டை ஓட்டை விழும். முள்ளைவிட மோசம் பனங்கருக்கு. உதிர்ந்த மட்டையின் ஓரம் ரம்பம் போல டயர் பக்கச்சுவரையே கிழிக்கும், அதற்குச் சீலன்ட் உதவாது. பழைய டயரில் வெட்டிய 5 செ.மீ. துண்டை உள்ளே ஒட்டுப்போட்டு, டியூப் போட்டு வீடு வந்து சேரலாம்.

மணலில் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, ஹேண்டில்பாரை இறுக்காமல், மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் புதையும். காய்ந்த முந்திரிச் சருகுக்கு அடியில் வேர் இருக்கும், சில சமயம் கண்ணாடி விரியனும் இருக்கும். இருட்டில் தோப்புக்குள் வேண்டாம். மார்ச் முதல் மே வரை கொட்டை பொறுக்கும் காலம். தோப்பை விட்டு ஒதுங்கி வண்டிப்பாதையில் போங்கள். விழுந்து கிடக்கும் பச்சைக் கொட்டையை உடைக்காதீர்கள், ஓட்டுப் பால் தோலைப் பொசுக்கும்.

ஆரோவில் பக்கம் ஒரு விஷயத்தைக் கறாராகச் சொல்ல வேண்டும். 1968இல் தொடங்கியபோது அந்த மேடு பொட்டலாகக் கிடந்தது. மழைநீரை நிறுத்த மண்கரை கட்டி, மரம் வைத்துத்தான் காடு வந்தது. அந்தக் கரைகள் குதிக்கச் சொல்லிக் கூப்பிடும். கூப்பிடட்டும். ஒரு சக்கரத் தடத்தில் தண்ணீர் வழி கண்டுபிடித்தால் அடுத்த மழையில் கரை உடையும். சைக்கிள் பாதையிலேயே இருங்கள், மூடிய கேட்டைத் திறக்காதீர்கள். மழை பெய்து ஒரு நாளாவது காயட்டும். ஈரச் செம்மண் சக்கரத்துக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே அப்பிக்கொண்டால் சைக்கிளைத் தோளில்தான் சுமக்க வேண்டும்.

கேப்பர் மலையில் மத்தியச் சிறை இருக்கிறது, 1918இல் பாரதியை அடைத்த சிறை. சுவர்ப் பக்கம் கேமராவும் டிரோனும் வேண்டாம். திருவக்கரைக்குச் சாலையில் போய் வரலாம். குவாரி லாரிகளுக்கு வழிவிடுங்கள், கல்மரத் துண்டைப் பையில் போடாதீர்கள். செஞ்சிக்கோட்டை நடந்து ஏறுவதற்கு.

மார்கழி, தை சுகம். சித்திரையில் எட்டரைக்குள் வீடு திரும்பிவிடுங்கள், ஆளுக்கு இரண்டு 750 மில்லி பாட்டில். நாய் துரத்தினால் இறங்கி சைக்கிளை நடுவில் வைத்து நில்லுங்கள். கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ஊசி.

ரைடு முடிந்து டிபன் கடையில் முதல் நாள் உங்களைப் பணம் கொடுக்க விடமாட்டார்கள். சண்டை போடாதீர்கள், இரண்டாம் ஞாயிறு மெதுவாக எழுந்துபோய்க் கல்லாவில் கொடுத்துவிடுங்கள். சைக்கிள் இரவல் தந்தவருக்கு வாடகை நீட்டினால் முகம் வாடும். கழுவி, செயினுக்கு எண்ணெய் விட்டு, புது பிரேக் பட்டையோடு திருப்பிக் கொடுங்கள். சாக்லேட்டைவிட சீலன்ட், டியூப்லெஸ் பிளக், அறுந்த செயினை இணைக்கும் குயிக் லிங்க் நல்ல பரிசு. எத்தனை கியர், எந்தப் பட்டை என்று முன்பே கேட்டு வாங்குங்கள். சீலன்ட் செக்-இன் பெட்டியில் போகட்டும். ஓட்டிய வழியை ஸ்ட்ராவா செயலியில் எல்லாரும் பார்க்கும்படி போடும் முன் கூட்டிப் போனவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நீங்கள் போன பிறகு காவல்காரருக்குப் பதில் சொல்வது அவர்தான்.

சைக்கிளை ஊரிலேயே விட்டுப் போவதானால் மாமா வீட்டு மாடிப்படிக்குக் கீழே பூட்டி வைக்காதீர்கள். உப்புக்காற்றில் செயின் துருவேறும், சீட்போஸ்ட் ஃப்ரேமோடு பிடித்துக்கொள்ளும். உயரம் ஒத்த ரைடர் ஒருவரிடம் ஓட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.